ஐந்து மாத இடைவெளியில் அக்காளும் தம்பியும்

இக்கட்டுரையில் நான் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் முத்திரையிட்ட தாளில் வாசித்ததையும் மட்டுமே எழுதுகிறேன். ‘ஏறத்தாழ’ என்று எழுத நேர்ந்த இடங்களில் அந்தச் செய்தியையே விட்டுவிட்டேன். ஒரு நல்ல மனிதர் இரக்கப்பட்டு எழுதிய இரண்டு தேதிகள் என் அக்காளைச் சாவின் அருகே கொண்டுபோய் நிறுத்தின. அதற்குப் பின்னர், சரிபாராத எதையும் எழுத எனக்குக் கை வருவதில்லை.

நான் சிங்கப்பூரில் தமிழாசிரியன். என் அக்காள் ஆரோக்கியமேரி, ஒரத்தநாட்டுக்கு அருகிலுள்ள எங்கள் ஊரிலேயே மணமாகி, இப்போது தஞ்சாவூரின் தெற்கு விளிம்பில் புதிதாக முளைத்த நகர் ஒன்றில் குடியிருக்கிறாள். அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. திங்கள், புதன், வெள்ளி என வாரம் மும்முறை இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறாள். என் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தும் என்று சென்ற விடுமுறையிலேயே சோதித்துச் சொல்லியிருந்தார்கள். அதைக் கொடுப்பதற்காகவே இம்முறை வந்தேன். சனிக்கிழமை அறுவை. அக்காளின் கையில் ஊசி ஏற்றும் நரம்பு இருமுறை அடைத்து, மூன்றாவதாக அமைத்ததும் தளர்ந்திருந்தது. “இந்தச் சனிக்கிழமையை விட்டா அடுத்த தேதி ரெண்டு மாசம் கழிச்சுத்தான். அதுவரைக்கும் இந்த நரம்பு தாங்கும்னு நான் எழுதித் தர மாட்டேன்” என்று அறுவை மருத்துவர் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் அத்தான் சவரிமுத்து என்னை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அவர் தனியார் பள்ளி ஒன்றில் வேன் ஓட்டுநர். வேனின் தடத்தை மாற்ற அவருக்கு உரிமை இல்லை. ஆகவே மழலையர் வகுப்புப் பிள்ளைகளோடு நானும் பதினொரு தெருக்களைச் சுற்றினேன். மடியில் யாருடையதோ தண்ணீர்ப் புட்டி. காலடியில் இரண்டு பைகள். எதிரில் அமர்ந்திருந்த சிறுமி என்னை நெடுநேரம் ஆராய்ந்துவிட்டு, “அங்கிள், நீங்க நியூ அட்மிஷனா?” என்று கேட்டாள். ஆம் என்றேன். மருத்துவமனையைப் பொறுத்தவரை அது உண்மை.

அந்த நகரில் மருத்துவமனைக்கு எதிரே பள்ளி. பள்ளிக்கு அடுத்து ஸ்கேன் நிலையம். அதை ஒட்டிச் செவிலியர் கல்லூரி. அதன் பின்புறம் இன்னொரு பள்ளி. நடுவில் ஒரே ஒரு வயல் விற்கப்படாமல் கிடக்கிறது. அதில் நாற்று நடும் பெண்கள் வெயில் ஏறியதும் மருத்துவமனையின் குளிரூட்டிய கூடத்தில் வந்து அமர்கிறார்கள். காலில் சேறு இருக்கிறது. யாரும் எதுவும் கேட்பதில்லை. நோயாளிகளின் உறவினர்களும் அப்படித்தான் வந்து அமர்கிறார்கள். வாயிலுக்கு எதிரே ஓர் உணவகத்தின் பலகை, ‘இங்கு உப்பில்லா இட்லி, உப்புள்ள இட்லி இரண்டும் கிடைக்கும்’ என்கிறது. இரண்டையும் உண்டு பார்த்தேன். பரிமாறியவரிடம் இவற்றுள் எது உப்பில்லாதது என்று கேட்டேன். “சாப்பிட்டா தெரிஞ்சுடுங்க” என்றார். தெரியவில்லை.

சிங்கப்பூரில் மருத்துவமனைகள் நம்மை எண்ணால் அழைக்கும். இங்கும் எண் அச்சிடும் இயந்திரம் உண்டு. கையில் சீட்டும் தருகிறார்கள். அழைப்பதோ ஊர்ப் பெயரால். “வேதாரண்யம், உள்ள வாங்க. திருவாரூர், சாப்பிட்டுட்டீங்களா? ஒரத்தநாடு, நீங்க இன்னைக்கு வெயிட்டு கூடியிருக்கீங்க, தண்ணி குடிச்சீங்களா?” அந்த ஒரத்தநாடு என் அக்காள். நாளொன்றுக்கு இத்தனை குவளை என்று அளந்துதான் அவள் நீர் அருந்தலாம். இளநீர் அறவே கூடாது. அவள் வீட்டு வாசலில் மூன்று தென்னைகள் நிற்கின்றன.

உறுப்புக் கொடைக்கான தாள்களைத் திரட்டுபவர் கோகிலா என்னும் பெண்மணி. கனிவானவர். என் கடவுச்சீட்டையும் அக்காளின் பள்ளிச் சான்றிதழையும் மேசைமேல் அருகருகே வைத்தார். கையை எடுக்கவில்லை.

“சார், இவங்க உங்க கூடப் பொறந்த அக்காதானே?”

“ஆமாங்க.”

“ஒரே அம்மா?”

“ஒரே அம்மா.”

“அக்கா ஜனவரி ரெண்டு. நீங்க அதே வருஷம் மே முப்பத்தொண்ணு.” விரல்களை மடக்கி எண்ணினார். “அஞ்சு மாசம்கூட முழுசா இல்லீங்களே சார்.”

இத்தனை ஆண்டுகளில் இருவரும் பள்ளியில் படித்தோம். நான் கல்லூரி முடித்தேன், கடவுச்சீட்டு வாங்கினேன், வெளிநாட்டில் வேலை ஏற்றேன். இவ்விரு தாள்களையும் எவரும் அருகருகே வைத்ததில்லை. நானும் வைத்ததில்லை. எங்கள் இருவரையும் வீட்டிலேயே பெற்றெடுத்தாள் அம்மா. பிறப்பை எங்கும் பதியவில்லை. பள்ளியில் எழுதிய தேதியே எங்கள் பிறந்த நாளாக நிலைத்துவிட்டது.

“ரத்தம் பொருந்துது, திசு பொருந்துது. பேப்பர்தான் பொருந்தலை” என்றார் கோகிலா. “வெள்ளிக்கிழமை கமிட்டி உக்காருது. அக்கா தம்பின்னு பேப்பர்ல தெரியணும். இல்லைன்னா யாரோ வெளிநாட்டுலேர்ந்து வந்து எதுக்குக் கிட்னி குடுக்கறார்னு கேப்பாங்க. ஆபரேஷன நிப்பாட்டிடுவாங்க சார்.”

உள்ளே இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டுப் படுத்திருந்த அக்காளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். “அஞ்சு மாசத்துல உன்னைப் பெத்து முடிச்சிருந்தா அம்மா எவ்வளவு சந்தோசப்பட்டிருக்கும்! முழுசாப் பத்து மாசம் வாந்தி எடுத்துச்சுடா உன்னால.”

செவ்வாய்க்கிழமை, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட வேனிலேயே எங்கள் ஊருக்குப் போனோம். தலைமையாசிரியை பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். எங்கள் வகுப்பில் முப்பத்தாறு பேர். அக்காளையும் வேறு இருவரையும் தவிர முப்பத்து மூவர் மே மாதத்தில் பிறந்திருந்தார்கள். அதற்கு முந்தைய வகுப்பும் அவ்வாறே, பிந்தையதும் அவ்வாறே. சித்திரையில் பிள்ளை பிறக்கக் கூடாதென்று புது மணமக்களை ஆடி மாதத்தில் பிரித்து வைக்கும் ஊர் அது. பதிவேட்டின்படி ஊர் முழுவதும் சித்திரையிலும் வைகாசியிலும் பிறந்து குவிந்திருந்தது.

“இதெல்லாம் பழைய ஹெட்மாஸ்டர் சந்தானம் சார் காலத்துல போட்டதுங்க” என்றார் தலைமையாசிரியை. “ஜூன்ல பள்ளிக்கூடம் தெறக்கும்போது அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணும்ல? வலது கை தலைக்கு மேலாப் போயி இடது காதைத் தொட்டா சேத்துக்குவாங்க. தேதி கேட்டா யாருக்கும் தெரியாது. சார் ஒண்ணு போட்டு விட்டுடுவார்.”

சந்தானம் சார் மருத்துவமனைக்கு மூன்றாம் தெருவில் மகள் வீட்டு மாடியில் இருந்தார். ஓய்வு பெற்று நெடுங்காலம் ஆயிற்று. நினைவு தெளிவாக இருந்தது.

“அந்தோணிசாமி மக்களா? நல்லா ஞாபகம் இருக்கு. வாய்க்காலைத் தாண்டிப் பொண்ணைத் தனியா அனுப்ப உங்கப்பாவுக்குப் பயம். தம்பி நடக்கட்டும், சேத்து அனுப்பறேன்னு வச்சிக்கிட்டிருந்தார். ரெண்டு பேரையும் ஒரே நாள்ல கொண்டாந்து நிறுத்தினார். ஒரே தேதி போட்டா நல்லாவா இருக்கும்? அதான் மரியாதையா இடைவெளி விட்டேன்.”

“ஐந்து மாதம் விட்டிருக்கிறீர்கள் ஐயா.”

“பையனுக்கு மே முப்பத்தொண்ணைத் தாண்ட முடியாது. பொண்ணுக்கு ஜனவரிக்கு முன்னாடி போனா வருசம் மாறிடும். மறுபடி கணக்குப் போடணும். அன்னைக்கு வாசல்ல அம்பது பேர் நிக்கிறாங்க.”

“ஒரு தாய் ஐந்து மாதத்தில் இன்னொரு பிள்ளை பெற முடியாதே.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப எனக்குக் கல்யாணம் ஆகலை தம்பி.”

நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடுமாறு வேண்டினேன். அவர் நாற்காலியை ஓர் அடி பின்னுக்கு நகர்த்திக்கொண்டார். “நான் எழுதினது பொய்னு நானே எழுதிக் குடுத்தா, எழுதினது எல்லாமே என்னன்னு கேப்பான். பென்சன நிப்பாட்டுவான். அதுவாச்சும் போகட்டும். நான் தேதி போட்டவன்ல ஒருத்தன் போலீஸ்ல பெரிய ஆளு, ஒருத்தன் பேங்க் மேனேஜரு. எவன் எப்ப ரிட்டயர் ஆகணும்னு கெளம்பினா ஜில்லாவே கலைஞ்சிடும்.”

பின்பு என்மீது இரக்கம் கொண்டவராய், “எங்க, கையைத் தலைக்கு மேல கொண்டு வா” என்றார். ஐம்பது வயது கடந்த நான் வலக்கையைத் தலைக்கு மேலாகச் செலுத்தி இடக்காதைத் தொட்டேன். “பாத்தியா? அஞ்சு வயசு முடிஞ்சிடுச்சு. அதை வேணா எழுதித் தர்றேன்.”

அதை மட்டும் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். இன்னும் என்னிடம் இருக்கிறது.

புதன்கிழமை உறவுமுறைச் சான்று பெறுவதற்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனோம். சொந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டிருப்பதால் அலுவலகம் ஒரு திருமண மண்டபத்தில் நடக்கிறது. வட்டாட்சியரின் மேசை மணமேடைமேல். தலைக்கு மேலே மின்விளக்குத் தோரணம். நிலப் பதிவேடுகள் மணமகள் அறையில். கிராம நிர்வாக அலுவலர்கள் உணவுக் கூடத்தில், கை கழுவும் தொட்டிகளுக்கு எதிரே வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். அன்று மாலை ஒரு வரவேற்பு நிகழ்ச்சி இருந்ததால், பந்தல் கட்டுபவர்கள் வட்டாட்சியரைச் சுற்றிச் செயற்கை மல்லிகைச் சரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் குனிந்து கையொப்பமிட்டபடியே, “கொஞ்சம் மேல தூக்கிக் கட்டுங்கப்பா, மூக்குல படுது” என்றார்.

எங்கள் ஊர் அலுவலர் விண்ணப்பத்தைப் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

“சார், ரெண்டு பேருக்கும் ஒரே வயசு வருது. இரட்டைன்னு போட்டுடட்டுமா?”

“நாங்கள் இரட்டையர் அல்லர். தேதியும் வேறு வேறு.”

“அஞ்சு மாசம் கேப்புல இரட்டை. கையெழுத்தாகிப் போயிடும் சார், மேடைல யாரும் படிக்க மாட்டாங்க. வேணாமா? அப்ப ரெண்டு அம்மான்னு காட்டிடுவோம். அப்பா ஒருத்தர்தான். அதுல யாருக்கும் சந்தேகம் வராது.”

என் தாயைப் பற்றித் தாளில் அப்படி எழுத ஒப்பமாட்டேன் என்றேன். அவர் வருந்தவில்லை. தந்தை பெயரையும் பிள்ளைகள் இருவரின் பெயரையும் பள்ளித் தேதிகளையும் அப்படியே எழுதி, கையொப்பத்துக்கு அனுப்பினார். ஐந்து மாத இடைவெளிக்கு இப்போது அரசு முத்திரையும் கிடைத்தது. வெளியே வரும்போது வாயிலில் நின்ற ஒருவர், மாலை நிகழ்ச்சிக்கு முன்னதாக வந்த உறவினன் என்று என்னை எண்ணித் தாம்பூலப் பை கொடுத்தார். மறுத்தேன். “பொண்ணு வீட்டுக்காரங்களா, மாப்பிள்ளை வீடா?” என்றார். விண்ணப்பதாரர் என்றேன். “பரவால்ல, வச்சிக்குங்க” என்றார். வாங்கிக்கொண்டேன்.

தேங்காயும் வெற்றிலையும் இருந்த அந்தப் பையோடு பிற்பகலில் அக்காளிடம் போய் நடந்ததைச் சொன்னேன். இம்முறை அவள் சிரிக்கவில்லை. அவள் கையில் ஊசி ஏறாமல் மூன்று இடங்களில் குத்தியிருந்தார்கள்.

“இரட்டைன்னு எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும்ல?”

“அது பொய்யாப் போயிடும்கா.”

“இப்ப இருக்கறது மட்டும் நெசமாடா? இந்தப் பொய்த் தேதியை வச்சித்தானே பாஸ்போட்டு வாங்கின? சம்பளம் வாங்கின? அப்பல்லாம் அது உனக்கு உறுத்தலை. என் முறை வந்ததும் உனக்கு நெசம் வேணும்.” அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “நான் செத்ததுக்கு அப்புறம் கல்லறையில என்ன தேதி போடுவ? அதையும் சரிபாத்துட்டுப் போடு.”

அவள் சொன்னதில் பிழை இல்லை. வெளியே கூடத்தில் நாற்று நடும் பெண்களுக்கு அருகே நெடுநேரம் அமர்ந்திருந்தேன். அவர்களுள் ஒருவர், “உங்களுக்கு யாரு உள்ள?” என்று கேட்டார். அக்கா என்றேன். “பெரியவங்களா?” என்றார். அன்று அந்தக் கேள்விக்குக்கூட என்னால் தாளை வைத்து விடை சொல்ல முடியவில்லை.

வியாழக்கிழமை பங்குக் கோவிலுக்குப் போனோம். எங்கள் ஊரில் சிற்றாலயந்தான். சில மாதங்களுக்கு ஒரு முறை குருவானவர் வந்து, அதுவரை பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் மொத்தமாகத் திருமுழுக்குக் கொடுத்துவிட்டுப் போவார். அந்தப் பதிவேடுகள் பங்கு அலுவலகத்தில் பூச்சி அரிக்காமல் இருந்தன. இளம் குருவானவர் விரலை ஓட்டித் தேடினார். அக்காளின் பெயர் இருந்தது. அதற்கு இரண்டு ஆண்டு நான்கு மாதம் கழித்து என் பெயர் இருந்தது. பெற்றோர் பெயர்கள் சரியாக இருந்தன. பிறந்த நாளுக்குரிய கட்டம் இருவருக்குமே வெறுமையாக இருந்தது. அத்தான் சிலுவை வரைந்துகொண்டார். நான் கடவுச்சீட்டை எடுத்து ஒப்பிட்டேன்.

குருவானவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “இதுல மே மாசம் பொறந்திருக்கீங்க. ஞானஸ்நானம் அதுக்கு முந்தின அக்டோபர்.” சற்று எண்ணிப் பார்த்தார். “பொறக்கறதுக்கு ஏழு மாசம் முன்னாடியே நீங்க கத்தோலிக்கர் சார்.”

“அது செல்லுமா சாமி?” என்று கவலையோடு கேட்டார் அத்தான்.

“செல்லும், செல்லும். திருச்சபைக்கு அதுல ஆட்சேபணை இல்ல. கவர்மெண்டுக்குத்தான்.”

கோகிலாவைத் தொலைபேசியில் அழைத்தேன். “அதைக் காட்டாதீங்க சார். ஞானஸ்நானம் வாங்கினது வேற ஆளுன்னு சொல்லிடுவாங்க” என்றார். அன்றிரவு யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். எல்லாத் தாள்களையும் காட்டுவது, எதையும் மறைப்பதில்லை. சரி என்று நினைத்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். ஒன்றை மறைத்தால் மற்றொன்று மேலும் சந்தேகத்துக்கு உரியதாகும் என்று அஞ்சினேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் குழு கூடியது. நீள்மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். தலைவர் மருத்துவமனையின் மூத்த மருத்துவர். அவருக்கு இருபுறமும் சுகாதாரத் துறை அலுவலர் ஒருவர், ஓய்வுபெற்ற வருவாய்த் துறை அதிகாரி ஒருவர், பொது மருத்துவர் ஒருவர், கடைசியில் சென்னையிலிருந்து அண்மையில் வந்து சேர்ந்த இளம் பெண் மருத்துவர். அக்காளைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். அவளுக்குக் கோபம் தணியவில்லை. என்னைப் பாராமல் குழுவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இளம் மருத்துவர் தாள்களை முறையாகப் படித்தார். அவர் சொன்னது எதிலும் தவறில்லை. “பள்ளிச் சான்றுப்படி இவங்க அக்கா தம்பியா இருக்க முடியாது. தாலுகா ஆபீஸ் சான்றும் அதையேதான் உறுதி பண்ணுது. சர்ச் பதிவுல இருக்கறவர் அந்தத் தேதியில பொறக்கவே இல்லை. அப்புறம் இதோ…” சந்தானம் சாரின் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். “இவருக்கு அஞ்சு வயசு முடிஞ்சதா ஒரு ஹெட்மாஸ்டர் இந்தச் செவ்வாய்க்கிழமை எழுதிக் குடுத்திருக்கார்.”

“திசு சோதனை?” என்றார் தலைவர்.

“பொருந்துது சார். ஆனா அதை வச்சி மட்டும் விதிப்படி முடிக்க முடியாது.”

தலைவர் பேனாவை மூடியால் மூடினார். அது நல்ல அறிகுறி அன்று என்பது எனக்கே விளங்கியது. அப்போது அக்காள் பேசினாள்.

“ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமா? உங்க பொறந்தநாள் எப்பங்க?”

தலைவர் திடுக்கிட்டார். “எனக்கா? மே இருபது.”

“எந்தப் பக்கம் படிச்சீங்க?”

“பாபநாசம் பக்கம்.”

“உங்கம்மா எப்பன்னு சொன்னாங்க?”

அவர் மூடிய பேனாவை மேசைமேல் வைத்தார். “அடைமழைன்னு சொல்வாங்க” என்றார் மெதுவாக. “ஐப்பசி அடைமழை. மருத்துவச்சியைப் பரிசல்ல கூட்டிட்டு வந்தாங்களாம்.”

“மே மாசத்துல ஏதுங்க அடைமழை?”

வருவாய்த் துறை அதிகாரி தொண்டையைச் செருமினார். தமக்கு மே பத்து என்றார். சுகாதார அலுவலருக்கு மே முப்பது. பொது மருத்துவர் தமக்கு ஏப்ரல் என்று சற்றுப் பெருமையோடு தொடங்கினார். எத்தனை என்று கேட்டதற்கு முப்பது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எங்க வீட்ல பொங்கல் அன்னைக்குப் பொறந்தேன்னுதான் சொல்வாங்க. நான் அதைப் பெரிசா நெனச்சதில்லை.”

நால்வரும் இளம் மருத்துவரைப் பார்த்தார்கள். “அக்டோபர் பதினாலு” என்றார் அவர். “ஆஸ்பத்திரியில பொறந்தேன். காலை ஆறு பத்துக்கு. சர்டிபிகேட் இருக்கு.” அந்த அறையில் தம் பிறந்த நாளை ஐயமற அறிந்தவர் அவர் ஒருவரே. அவருக்கே அது சங்கடமாக இருந்தது போல் தோன்றியது. கையிலிருந்த தாள்களை மேசைமேல் வைத்துவிட்டார்.

“நம்பறது பெரிசில்லை. திங்கட்கிழமை கோகிலா சொன்னப்பவே நான் நம்பிட்டேன்” என்றார் தலைவர். “எப்படி எழுதறது? அதைச் சொல்லுங்க.”

அதற்குப் பின் நடந்தது நாற்பது நிமிடம். வருவாய்த் துறை அதிகாரி சொல்லச் சொல்ல, கோகிலா தட்டச்சு செய்தார். குழு ஏற்ற வாசகம் இது: ‘பள்ளி ஆவணங்களில் காணும் பிறந்த தேதிகள் பள்ளிச் சேர்க்கையின்பொருட்டு இடப்பட்டவை எனவும், அவை பிறந்த தேதிகள் அல்ல எனவும், பெற்றோர் பெயராலும் திருமுழுக்குப் பதிவாலும் திசு ஆய்வாலும் இவ்விருவரும் உடன்பிறந்தோரே எனவும் இக்குழு ஒருமனதாகக் கருதுகிறது.’ கேட்பதற்குச் செம்மையாக இருந்தது. எதையும் திருத்தவில்லை.

“சரி, படிவத்துல வயசுக்கு எந்தத் தேதி போடறது சார்?” என்று கேட்டார் கோகிலா.

“சான்றிதழ்ல இருக்கறதைப் போடுங்க” என்றார் தலைவர். “வேற எதைப் போடுவீங்க?”

ஐவரும் கையொப்பமிட்டார்கள். இளம் மருத்துவர் கடைசியாக இட்டார், இட்டபின் அக்காளிடம், “உங்க பொறந்தநாள் நெசமா எப்பம்மா?” என்று கேட்டார்.

“அறுப்பு நடக்கும்போதுன்னு அம்மா சொல்லும்” என்றாள் அக்காள். “எந்த அறுப்புன்னு கேக்காம விட்டுட்டேன்.”

கூடத்துக்கு வந்ததும் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டிருந்த என் கையை அவள் தட்டினாள். “முந்தாநாள் ஒரு பொய் சொல்லியிருந்தா நாப்பது நிமிசம் மிச்சமாகியிருக்கும்” என்றாள். அது மன்னிப்பா, இல்லையா என்று நான் ஆராயவில்லை.

சனிக்கிழமை காலையில் அறுவை நடந்தது. என் இடது சிறுநீரகத்தை எடுத்து அவளுக்கு வைத்தார்கள். மேசையிலேயே அது வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று அறுவை மருத்துவர் சொன்னார். மூன்றாம் நாள் அவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பதை நிறுத்தினார்கள். அவள் ஒரு செம்பு கேட்டாள், கொடுத்தார்கள். குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்ற அத்தான், செம்பு வாயைவிட்டு இறங்கும்வரை தாமும் எச்சில் விழுங்கிக்கொண்டே இருந்தார். இப்போது அவள் வீட்டில் இருக்கிறாள், உண்கிறாள், அத்தானை ஏசுகிறாள்.

இனி, தெரியாதவை. அக்காள் பிறந்த நாள் தெரியவில்லை. நான் பிறந்த நாள் தெரியவில்லை. அவள் எனக்கு எத்தனை ஆண்டு மூத்தவள் என்பது தெரியவில்லை. திருமுழுக்குக்கு அவளைத் தாமதமாகக் கொண்டு போனார்களா, என்னைத் தாமதமாகக் கொண்டு போனார்களா என்று சொல்ல எவரும் உயிரோடில்லை. இப்போது அவள் உடம்பில் இருக்கும் சிறுநீரகத்துக்கு என்ன வயது என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது; அதை எடுத்து வைத்த மருத்துவருக்கும் தெரியாது.